நாங்க நின்ற நாற்பது நிமிடம்

மலையகத்தில இருந்து எங்கட பெட்ச் நண்பன் ஒருத்தன் போன லீவுக்கு சம்மாந்துறைக்கு வந்து ரெண்டு நாள் நின்றான். வந்த அன்றே கேட்டான்: "உங்கட பக்கம் பார்க்க என்னடா இருக்கு?" நாங்க மூன்று பேரும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டோம். வயலைக் காட்டியாச்சு, கடலையும் காட்டியாச்சு. கடைசியில ஒருத்தன்தான் சொன்னான், "மருதமுனைக்குத் தறி பார்க்கப் போவம்."

எங்கட வாப்பாமார் மருதமுனைச் சாரன் உடுத்துத்தான் வளர்ந்தவங்க, எங்கட பெருநாளும் அதிலதான் விடிஞ்சது. ஆனா அது நெய்யிற இடத்தை எங்கள்ல ஒருத்தரும் கண்டதில்லை. இத்தனைக்கும் காரைதீவு சந்தி, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, அடுத்தது மருதமுனை. அவ்வளவுதான் தூரம். இத்தாலியில வெனிசுக்குப் பக்கத்தில முரானோ தீவில கண்ணாடி ஊதுறவங்களை நாங்க போனில எத்தனையோ தரம் பார்த்திருக்கோம். உருகின கண்ணாடி குழாய் நுனியில தேன் மாதிரித் தொங்கும், மனுசன் ஊதுவார், இடுக்கியால நாலு இழுப்பு இழுப்பார், குதிரை வந்துவிடும். பட்டறை பார்க்கிற என்றால் எங்கட மனசில இருந்தது அதுதான். போய் நின்றால் ஒரு அற்புதம் நடக்கும், நாங்க கைதட்டுவோம்.

மருதமுனையில அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தகரக் கூரை, உள்ளுக்கு நாலு தறி, காது அடைக்கிற சத்தம். ஒரு ராத்தா தறியில இருந்தா. ஒரு கையால கயிற்றைச் சுண்டினா, நூல் வைத்த நாடா பாவுக்கு நடுவால ஓடி அடுத்த பக்கம் போய் முட்டுது. மற்றக் கையால பலகையை இழுத்து அடிக்கிறா, கால் மாறி மாறி மிதிக்குது. கை, கை, கால். திரும்பவும் கை, கை, கால். ரெண்டு நிமிடம் பார்த்ததும் எங்களுக்கு அலுத்துப் போச்சு. வெட்கத்தோடதான் இதை எழுதுறோம்.

அலுப்பை மறைக்கக் கேள்வி கேட்கத் தொடங்கினோம். எத்தனை வருசமா செய்றீங்க, யார் படிச்சுத் தந்த, நூல் அறுந்தா என்ன செய்வீங்க? ஒவ்வொரு கேள்விக்கும் அவ தறியை நிப்பாட்டித்தான் பதில் சொன்னா, சத்தத்தில வேறு வழியில்லை. போனைத் தூக்கினதும், "முகம் எடுக்காதீங்க மகன், கையை மட்டும் எடுங்க" என்றா. எடுத்தோம். முன்னால முதலாளியிட்ட ஆளுக்கொரு சாரன் வாங்கினோம். "நாங்க பக்கத்து ஊர்தானே" என்று சொல்லி ஒவ்வொன்றுக்கும் 150 ரூபாய் குறைச்சும் கொண்டோம். பஸ்ஸில வரும்போது அதுதான் பெரிய கதை.

இரவு வீடியோவுக்குத் தலைப்புப் போட உட்கார்ந்தபோதுதான் சங்கதி தலைகீழாச்சு. நாடா நிமிடத்துக்கு எத்தனை தரம் ஓடுது என்று எண்ணிப் பார்த்தோம். ஏறத்தாழ அறுபது. அங்குலத்துக்கு ஐம்பது நூல் என்று குறைத்தே பிடிப்போம். ரெண்டு யார் சாரன் 72 அங்குலம், அப்போ 3600 ஓட்டம். நூல் ஒரு தரமும் அறாமல், தண்ணி குடிக்க எழும்பாமல் அடிச்சா முழுசா ஒரு மணித்தியாலம். நாங்க அங்க நின்றது நாற்பது நிமிடம். அதில தறி ஓடினது பத்து நிமிடம் இருக்கும், அதுவும் எங்கட வீடியோவுக்காக. மற்ற முப்பது நிமிடம், அதாவது அரைச் சாரன், எங்கட கேள்விக்குப் போச்சு. அவவுக்குக் கூலி நாளுக்கு இல்லை, சாரன் கணக்குக்கு. அதையும் அவவே சொல்லியிருந்தா. நாங்க "ஆ, அப்படியா" என்று தலையாட்டியும் இருந்தோம்.

அந்த அரைச் சாரனுக்கு யார் காசு கொடுத்த? முதலாளி இல்லை. 150 ரூபாய் குறைச்ச நாங்களும் இல்லை.

இது எங்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. அம்பாறை ரோட்டால அறுகம்பைக்குப் போற வேன்கள் அறுவடைக் காலத்தில எங்கட வயலோரம் நிற்கும். இறங்கி வரம்பில நின்று வாப்பாமாரைப் படம் எடுப்பாங்க, "பியூட்டிஃபுல்" என்பாங்க, ஏறிப் போவாங்க. உரம் இல்லாத வருசத்திலயும் அதே "பியூட்டிஃபுல்"தான். எங்களுக்கு எரிச்சல் வரும். மருதமுனையில அந்த வேனில இருந்து இறங்கினது நாங்கதான்.

முரானோவுக்குப் போய் வந்தவங்க பலபேர் அதைத் "டூரிஸ்ட் பொறி" என்று திட்டுவாங்க. படகில கூட்டிப் போவாங்க, குதிரை செய்து காட்டுவாங்க, பிறகு நேரா விற்பனைக் கூடத்துக்குள்ள தள்ளிவிடுவாங்க. நாங்களும் சிரிச்சிருக்கோம். இப்போ யோசித்தா, எங்கட "சும்மா பார்க்க வந்தோம்" என்ற பேச்சை விட அந்தப் பொறியில நேர்மை கூட. குதிரை செய்து காட்டுறது அங்க ஒரு வேலை, பார்வையாளருக்கென்று ஒதுக்கின வேலை. பார்க்க வாறவங்களுக்கு ஒரு செலவு இருக்கு என்று அந்தத் தீவு ஒத்துக்கொள்ளுது. தீ பயத்தால 1291ல வெனிஸ் அரசு உலைகளை எல்லாம் அந்தத் தீவுக்கு அனுப்பினது, பிறகு தொழில் ரகசியம் வெளியே போகாமல் இருக்க ஊதுறவங்களைத் தீவை விட்டுப் போகவும் விடவில்லை. இன்றைக்குப் பார்க்கக் கூட்டம் அலைமோதுது. இருந்தும் 2021 கடைசியில எரிவாயு விலை ஏறினபோது பல உலைகளை அணைக்க வேண்டி வந்தது. கைதட்டு உலைக்கு எரிபொருள் ஆகாது. அடுத்த வருசம், 2022ல, எங்கட ரூபாய் விழுந்தபோது, வெளிநாட்டில இருந்து வாற நூலுக்கும் சாயத்துக்கும் இங்கயும் அதே கதிதான். 2004 டிசம்பர் 26ல கடல் அடித்த ஊர் வேறு. அதையெல்லாம் தாண்டி அந்த நாலு தறி ஓடுது.

தலைப்பு விசயத்தையும் சொல்லிவிடணும். நாங்க முதல்ல போட்டது "ஆதிகாலப் பாரம்பரியம்" என்று. பிறகு தேடிப் பார்த்தா, கயிற்றை இழுத்து நாடாவை ஓட விடுற முறையை 1733ல இங்கிலாந்தில ஜோன் கே என்ற ஆள்தான் கொண்டுவந்திருக்கார். வேகமா நெய்ய வந்த புது மெசின் அது. ராத்தா ஒரு தரமும் "பாரம்பரியம்" என்று சொல்லவில்லை. "தொழில்" என்றுதான் சொன்னா. பாரம்பரியம் என்று சொன்னால் கூலி கேட்கிற வாய் அடைபட்டுப் போகும் போல. தலைப்பை அழித்தோம்.

அப்போ போகவே கூடாதா? போகணும். ஆனா பார்க்கிறதுக்குக் காசு வைக்கணும், அது தறியில இருக்கிறவங்க கைக்குப் போகணும், சாரனுக்கு விலை பேசக் கூடாது. இதுதான் எங்கட கட்சி. எங்கள்ல ஒருத்தி ஒத்துக்கொள்ளவே இல்லை. "டிக்கெட் வைத்தா அது மிருகக்காட்சிசாலை ஆகும். காசு கொடுத்தவன் இன்னும் கூட நேரம் நிற்பான், முகத்தையும் எடுப்பான்" என்றா. அவ சொல்றதும் பொய்யில்லை. ரெண்டு நாள் வாட்ஸ்அப்பில சண்டை பிடித்தோம், முடியவில்லை.

அடுத்த கிழமை நாங்க மூன்று பேர் திரும்பப் போனோம், குறைச்ச 150 ரூபாய்களோட அரைச் சாரனுக்கு ஒரு கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு. ராத்தா காசைப் பார்த்துச் சிரிச்சா. "இது என்னத்துக்கு மகன்?" கணக்கைச் சொன்னோம். அங்குலத்துக்கு ஐம்பது இல்லை, அதை விடக் கூட என்று திருத்தினா. பிறகு காசை வாங்கி நூல் பெட்டிக்குள்ள வைத்தா.

"கதைக்க வேணுமெண்டா வெள்ளிக்கிழமை வாங்க. அன்டைக்குத் தறி ஓடாது, ஆறுதலா இரிந்து கதைக்கலாம்."

மலையக நண்பனுக்கு இதை வொய்ஸ் மெசேஜில சொன்னோம். தறி ஓடாத நாளில போய் என்னத்தடா வீடியோ எடுக்கிற என்று கேட்டிருந்தான்.