சீஃப் மேனேஜர் ஆகாதவன்

இந்த வருஷம் புரமோஷன் இண்டர்வியூவுக்குப் போகவில்லை. ஸ்கேல் மூணிலேயே இருந்துக்கறேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். ஊரிலிருந்து மச்சான் போன் பண்ணி, "என்ன மாப்ளே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். நம்ம ஆட்களுக்கு, ஒருத்தன் புரமோஷன் வேண்டாம்னா வியாதிதான் காரணமா இருக்கணும்!

புரமோஷன் கூடவே டிரான்ஸ்ஃபரும் வரும். ஸ்கேல் ரெண்டு கிடைச்சப்போ குவாஹாட்டி. குடும்பம் திருச்சியில், நான் மட்டும் அங்கே மூணு வருஷம். அப்போதான் என் பெண் சைக்கிள் கத்துக்கிட்டா. பின்னாலே பிடிச்சுக்கிட்டு ஓடினது பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு போட்டோ வந்தது. அதனால்தான் நாக்பூருக்கு மாத்தினப்போ அம்மா உட்பட எல்லாரையும் ரயிலேத்திக் கூட்டிட்டு வந்தேன். இப்போ அம்மா காய்கறிக்காரரோடு ஹிந்தியில் பேரம் பேசறாங்க, என்னைவிட நல்லாவே.

நான் பி.காம். காரன். நாமே வளர்த்த குட்வில்லை பாலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டக்கூடாது என்கிறது கணக்கியல் தரநிலை 26. காசு கொடுத்து வாங்கினதைத்தான் காட்டலாம். சொந்தக்காரங்களும் அந்த பாலன்ஸ் ஷீட்டைத்தான் பார்க்கறாங்க.

என்னிடம் பி.ஓ.வா வேலை பழகின பையன் நாளைக்கு எனக்கே மேலதிகாரியா வரலாம். வலிக்காதுன்னு சொன்னா பொய். வீட்டுக் கடன் வேற பாக்கி. புரமோஷனுக்குப் போறவங்களை நான் குறை சொல்லலை. வேண்டாம்னவனிடம் துக்கம் விசாரிக்காதீங்க, அவ்வளவுதான்.

நேத்து பெண் பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராவோடு வந்தா. எனக்கும் வரலை. ரெண்டு பேரும் பத்து மணி வரை அதோட மல்லுக்கட்டினோம்.