பாடம் சொல்ல மதம் தடையா?

காசி இந்து சர்வகலாசாலையில் 2019 நவம்பரில் நடந்ததைத் தொழிலாளர்கள் மறக்கலாகாது. சமஸ்கிருத வித்யா தர்ம விஞ்ஞானப் பிரிவில் இலக்கியம் போதிக்க டாக்டர் பெரோஸ்கான் உதவிப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். சிறுவயது முதல் சமஸ்கிருதம் கற்று, அதிலேயே டாக்டர் பட்டம் பெற்றவர் அவர். தகுதி பார்த்தே தேர்ந்தெடுத்ததாக நிர்வாகமே அறிவித்தது. ஆனால், முஸ்லிம் இங்கே பாடம் சொல்வதா என்று மாணவர்களில் ஒரு பகுதியினர் பழைய கல்வெட்டொன்றைக் காட்டி, துணைவேந்தர் வீட்டு வாசலில் நாட்கணக்கில் மறியல் செய்தனர். அவரை ஆதரித்து ஊர்வலம் போன மாணவர்களும் உண்டு, அவர்களைப் பாராட்டுகிறோம்.

டிசம்பரில் அவர் அப்பதவியை ராஜினாமா செய்து, கலைப்பிரிவின் சமஸ்கிருதத் துறைக்குப் போனார். சம்பளம் நிற்கவில்லை, உண்மைதான். படித்துச் சம்பாதித்த இடம் பறிபோயிற்றே! ஜாதி கேட்டு ஆள் எடுத்த மில் மேஸ்திரிகளை நாம் அறிவோம். அதே வேலையைத்தான் இங்கே தர்மத்தின் பெயரால் செய்தார்கள்.

ஜெய்ப்பூர் அருகே பஜனை பாடிவரும் அவருடைய தந்தை ரம்ஜான்கானுக்கு 2020 ஜனவரியில் மத்திய சர்க்கார் பத்மஸ்ரீ அறிவித்தது. அதே சர்க்கார் பணத்தில் நடக்கும் சர்வகலாசாலையில் மகனுடைய நாற்காலியை அது காப்பாற்றித் தரவில்லை.