கிலோவைப் பேசுங்கள்!

"ஓய்வின்றி உழையாதீர், உடலையும் உள்ளத்தையும் பேணுங்கள்" என்று கொழும்பிலே மருத்துவர்கள் உபதேசம் புரியும் காலம் இது. நல்ல உபதேசந்தான். நம் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் கேட்டுப் பயனடையட்டும். ஆனால், அப்புத்தளை மலைச்சரிவிலே கூடை சுமந்து நிற்கும் தாயிடம் இதை யார் போய்ச் சொல்வது? "தம்பி, அரைப்பேர் விழுந்தால் அடுப்பெரியுமா?" என்றல்லவா கேட்பாள்!

அரைப்பேர் என்றால் என்னவென்று நகரத்து நண்பர்களுக்குச் சொல்லவேண்டும். குறித்த கிலோ கொழுந்து நிறுவையில் தேறாவிட்டால், காலைமுதல் மாலைவரை மலையில் நின்றவளுக்கும் பாதிச் சம்பளமே! 2021 மார்ச்சிலே நாட்சம்பளம் 1000 ரூபாயாயிற்று. ஆயிரம் வந்ததென்று அகமகிழ்ந்தோம். ஒரு கை கொடுத்ததை மறுகை பறித்தது. பல தோட்டங்களிலே 16, 18 என்றிருந்த கிலோ 20க்கும் மேலே ஏறியது. அதே ஆண்டிலேதான் இரசாயன உர இறக்குமதிக்குத் தடையும் வந்தது. உரமின்றிச் செடி கொழுந்தைக் குறைத்தது. கம்பனியோ கணக்கைக் கூட்டியது. இஃதென்ன நீதி? சம்பளம் பின்னரும் ஏறிற்று. கிலோ வழக்குத் தீரவில்லை.

ஊவாவின் கதை இன்னும் கொடிது. ஆடி, ஆவணியிலே இம்மலைகளில் வீசும் வறண்ட காற்று கொழுந்தின் வளர்ச்சியை ஒடுக்குகிறது. அந்த ஒடுக்கத்தினாலேயே ஊவாத் தேயிலைக்குத் தனி மணம். கொழும்பு ஏலத்திலே தனி விலை. செடி மெல்ல வளர்வது விற்பவனுக்கு இலாபம், பறிப்பவளுக்கு அரைப்பேர்! 1890இல் லிப்டன் வாங்கிய தம்பேதன்ன தோட்டத்துக்கு மேலே, அவர் அமர்ந்த இடம் காண உல்லாசப் பயணிகள் ஏறுகிறார்கள். வழியிலே கொழுந்து பறிப்பவளையும் படம் பிடித்துக்கொள்கிறார்கள். அதுவும் ஓர் அழகாம்!

விரட்டாவிட்டால் தொழில் அழியுமென்பார் கம்பனியார். நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தருவோர் சிறு தோட்டக்காரரே. கடனும் கவலையும் அவர்க்கும் உண்டு. எனினும் எப்போது பறிப்பது, எப்போது நிழலில் அமர்வது என்பதைத் தம் நிலத்திலே தாமே தீர்மானிக்கிறார்கள். அவர்களால் அழிந்ததா தொழில்?

அக்கூடையின் கூலியிலே படித்து உயர்ந்தவர்களே, மனுவை நீங்கள் எழுதுங்கள். பருவத்துக்கும் மலைக்கும் ஏற்ப, தொழிலாளியின் பிரதிநிதியும் அமர்ந்து கிலோவைத் தீர்மானிக்கவேண்டும். காற்று மாதங்களில் அரைப்பேர் கூடாது. கூடைக்கும் ஈரத்துக்கும் கழிப்பதை அவள் கண்முன்னே எழுதவேண்டும். தொழிற்சங்கத் தலைவர்களே, அடுத்த பேச்சுவார்த்தையிலே சம்பளத்தை மட்டும் முழங்கித் திரும்பாதீர்கள்; கிலோவையும் எழுத்திலே வாங்கி வாருங்கள்!