புதுப்பிக்காமல் விற்றால்தான் விலை!

ஓடாமல் நிற்கும் பழைய காரை விற்க நினைத்தால் முதலில் என்ன செய்வோம்? புதுச் சாயம் அடிப்போம். பளபளவென்று இருந்தால் நாலு காசு கூடக் கிடைக்கும் என்பது நம் கணக்கு. அமெரிக்காவின் பழைய ‘மசில்’ கார்களைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பு.

மசில் கார் என்றால் சாதாரணக் காருக்குள் பெரிய எட்டு சிலிண்டர் இயந்திரம். 1960களில் வேகத்துக்காகவே இளைஞர்கள் வாங்கியவை.

1968இல் வந்த ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்குயின் ஓட்டிய பச்சை ஃபோர்டு மஸ்டாங்கைப் பாருங்கள். 1974இல் ராபர்ட் கீர்னன் என்பவர் அதை 6,000 டாலருக்கு வாங்கினார். அவருடைய மனைவி ஆசிரியை. அந்தக் காரில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தார். 1977இல் மெக்குயினே கடிதம் எழுதிக் கேட்டும் கீர்னன் கொடுக்கவில்லை. 1980இல் கிளட்ச் பழுதாகி, கார் முடங்கியது.

2014இல் தந்தை மறைந்த பிறகு, மகன் காரை மீண்டும் ஓட வைத்தார். ஆனால் மங்கிய சாயம், துரு, படப்பிடிப்புக்காகப் போட்ட துளை எதையும் தொடவில்லை. 2020 ஜனவரியில் புளோரிடா ஏலத்தில் 34 லட்சம் டாலருக்குப் போனது. ஏலக் கட்டணம் தனி.

எல்லாக் காருக்கும் சினிமாப் புகழ் கிடையாதுதான். ஆனாலும் பாடம் பொதுவானது. புதுச் சாயத்தைக் கண்டால் விவரம் தெரிந்தவர் காந்தத்தை எடுப்பார். காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை. துருவை மறைத்த பூச்சுதான் இருக்கும். அதோடு நம்பிக்கை போயிற்று, விலையும் போயிற்று.

விற்பவர் செய்ய வேண்டியது நான்கே காரியம். துருப்பிடித்த இடங்களை, குறிப்பாகக் காரின் அடிப்பக்கத்தை, நீங்களே படமெடுத்துக் காட்டுங்கள். கழற்றி வைத்த அசல் பாகங்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்துக் கொடுங்கள். பழைய ரசீதுகளைத் தேடி எடுங்கள். அடையாள எண்ணைச் சரிபாருங்கள். 1968 மஸ்டாங்கில் அதன் ஐந்தாவது எழுத்தே, தொழிற்சாலையில் எந்த இயந்திரம் பொருத்தினார்கள் என்று சொல்லிவிடும்.

என்னென்ன பழுது என்பதைச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் கேளுங்கள். புதுப்பிக்கும் வேலையை வாங்குபவர் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஒருமுறை சுரண்டி எடுத்த அசல் சாயத்தை மட்டும் யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.