மருந்துச் சார்பும் 'அடிமை' என்னும் சொல்லும்

சற்றே நீண்ட பதிவு. மருந்தைப் பற்றியதுதான், ஆயினும் ஒரு சொல்லிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இரண்டரை ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த விபத்தில் என் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைக்குப் பின் வலி தணிய டிரமடால் எழுதித் தந்தார்கள்: 50 மில்லிகிராம் குளிகை, நாளொன்றுக்கு நான்கு. பதினான்கு மாதங்கள் அதே சீட்டு புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. அதை எவ்வாறு நிறுத்துவது என்று எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பின்னர் ஆய்வின் பொருட்டு ஹைதராபாத் வந்தேன். இங்கு ஒரு மருத்துவர் சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் முகம் மாறி, இன்றோடு நிறுத்திவிடும்படி சொன்னார். அவர் பயன்படுத்திய தெலுங்குச் சொல் 'பானிச'. தமிழில் 'அடிமை'.

நிறுத்தினேன். மறுநாளே ஓயாத கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல். பின் வயிற்றுப்போக்கு, கால்களை அசைக்காமல் படுக்க இயலாத தவிப்பு. டிரமடால் ஓபியாய்டு ஏற்பிகளில் வினைபுரிவதோடு, செரோடோனின், நாரெபிநெப்ரின் ஆகியவற்றின் மறு உள்ளீர்ப்பையும் தடுக்கும் மருந்து. ஆதலால் திடீரென நிறுத்துவோர் சிலருக்கு அச்சமும் குழப்பமும் சேர்ந்து வருவதுண்டு. எனக்கும் வந்தன. அந்த ஐந்து இரவுகளிலும் என்னை வாட்டியது உடல் மட்டுமன்று. 'மெய்யாகவே அடிமைதான் போலும்' என்னும் நாணமும்தான். விடுதி அறைத்தோழரிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

மொழியியல் பயின்ற எனக்கு அன்றே தோன்றியிருக்க வேண்டிய ஐயம், மாதங்கள் கழித்தே தோன்றியது. ஒரு மருந்துக்கு உடல் பழகி, அது நின்றதும் துன்புறுவது ஒன்று. கேடு விளையும் என்று அறிந்தும் அதைக் கட்டுக்கடங்காமல் நாடுவது வேறொன்று. நம் வழக்கிலோ இரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கிலமும் இவ்விடத்தில் தடுமாறிய மொழிதான். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறி கையேடு 1987 பதிப்பில் 'சார்பு' என்னும் சொல்லையே போதை நோய்க்குப் பெயராக்கியது. வலிக்கு முறையாக மருந்துண்டவரையும் நோயாளியாகக் கருதும் குழப்பம் அதனால் வளர்ந்தது. 2013 பதிப்பு அப்பெயரைக் கைவிட்டது. மருத்துவக் கண்காணிப்பில் ஓபியாய்டு உண்பவரிடம் காணும் தாங்குதிறனையும் விலகல் குறிகளையும் மட்டும் கொண்டு நோய் என்று தீர்மானிக்கலாகாது என்றும் அது தெளிவுபடுத்தியது.

ஸ்டீராய்டு மாத்திரையை நீண்டகாலம் உண்டவரிடம் எந்த மருத்துவரும் 'நாளை முதல் வேண்டாம்' என்று சொல்வதில்லை. அளவைச் சிறிது சிறிதாகவே குறைப்பார். அங்கும் உடல் மருந்தைச் சார்ந்துதான் இருக்கிறது. ஆனால் எவரும் அவரை அடிமை என்பதில்லை. ஆகவே பண்டுவமும் நிதானமாக நடக்கிறது.

அமெரிக்காவில் இந்நிதானம் தவறியதன் விளைவு பதிவாகியுள்ளது. அங்கு 2016இல் வந்த மருந்தளவு வழிகாட்டுதல் பல இடங்களில் கண்டிப்பான வரம்பாகக் கொள்ளப்பட்டு, நெடுநாள் நோயாளிகளின் மருந்து சட்டெனக் குறைக்கப்பட்டது. கடும் விலகல் துன்பமும் தற்கொலைகளும் தெரியவந்தபின், 2019 ஏப்ரலில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. 2022இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதல், ஓராண்டோ அதற்கு மேலோ உண்டவர்களுக்கு மாதம் 10 விழுக்காடு அல்லது அதனினும் மெதுவாகக் குறைப்பதே பெரிதும் தாங்கத்தக்கது என்கிறது.

இந்தியாவில் டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்கா வரை நீண்ட கடத்தலை எண்ணினால் அக்கட்டுப்பாட்டை நான் குறைகூற மாட்டேன். ஆனால் மருந்து கிடைப்பதைச் சுருக்கும் அரசு, ஏற்கெனவே அதை உண்டுகொண்டிருப்பவர் எவ்வாறு இறங்கி வருவது என்பதற்கும் வழி செய்ய வேண்டாமா? முதல் சீட்டிலேயே, நோயாளி படிக்கக்கூடிய மொழியில், நிறுத்தும் முறையும் எழுதப்பட வேண்டும். என் பதினான்கு மாதங்களில் ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கும்.

ஆறாம் நாள் ஓர் அரசு மருத்துவமனையின் வலிநீக்கப் பிரிவுக்குச் சென்றேன். அங்கிருந்த மருத்துவர் வியக்கவுமில்லை, கடியவுமில்லை. மருந்தை மீண்டும் தொடங்கிவிட்டு ஒரு தாளில் கணக்கிட்டார். 200இல் பத்து விழுக்காடு 20. கையிலிருப்பதோ 50 மில்லிகிராம் குளிகை. எனவே ஒரு வேளைக்கு மட்டும், பாராசிட்டமாலுடன் சேர்ந்து வரும் 37.5 மில்லிகிராம் மாத்திரையை மாற்றித் தந்தார். பாராசிட்டமாலை வேறெங்கும் சேர்த்துக்கொள்ளாதே என்றார். தாங்க முடியாவிட்டால் அதே படியில் நிற்கலாம், விரைய வேண்டியதில்லை என்றார். உறக்கத்துக்கென்று தூக்க மாத்திரையோ மதுவோ நாடக்கூடாது, மூச்சு ஒடுங்கிவிடும் என்றார். குறைத்தபின் ஒருநாள் வலி மிகுந்ததென்று பழைய அளவுக்குத் தாவினால், தாங்குதிறன் இழந்த உடலுக்கு அதுவே உயிர்க்கேடாகலாம் என்பதை இருமுறை சொன்னார்.

இது எனக்கென்று போட்ட கணக்கு. பிறர் இதைப் பார்த்துத் தாமே செய்ய வேண்டாம்.

பதின்மூன்று மாதங்கள் ஆகின்றன. இடையில் இருமுறை நின்றேன். ஒருமுறை பருவ அறிக்கையின்போது, நெறியாளரின் இசைவோடு. இப்போது நாளுக்கு ஒரு மாத்திரை. அடுத்த மாதம் அதன் இடைவெளியை நீட்டத் தொடங்குவோம் என்கிறார்.

சொல்லுக்கு வருகிறேன். மலையாளத்திலும் 'அடிம'தான், இந்தியில் 'லத்'. 'சார்புநிலை' என்பதைத் தமிழில் பழக்கலாம் என்று எண்ணுகிறேன். ஆனால் அது பாடநூல் வாடை வீசுகிறது, என் அம்மாவிடம் சொன்னால் விளங்காது. 'உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது' என்றுதான் அவரிடம் சொன்னேன். "பழகியதைப் பையத்தானே விட வேண்டும்?" என்றார்.