“நன்று” என்று மட்டும் சொல்லாதீர்!

குற்றம் கண்டுபிடிக்க மதுரைக்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்பார்கள். நக்கீரர் வாழ்ந்த ஊர் அல்லவா! இறைவன் எழுதித் தந்த பாட்டிலேயே பொருட்குற்றம் கண்டவர் அவர் என்கிறது திருவிளையாடற் புராணம். 1965இல் வந்த திரைப்படத்தால் அக்காட்சி சிறு பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆயினும் குறை சொல்வது எளிதன்று என்பதை இவ்வாண்டுதான் நாங்கள் அறிந்தோம்.

எங்கள் வகுப்பில் பதினொரு பேர் சேர்ந்து ஒரு புகைப்படக் குழு தொடங்கினோம். வீட்டிலுள்ள கைபேசிதான் எங்கள் காமிரா. ஞாயிறன்று எடுத்த படங்களை அச்சிட்டு, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஜன்னலோரம் கயிறு கட்டித் தொங்கவிடுவோம். (துணி காயப்போடும் கொடி போல் இருக்கிறது என்று சிஸ்டர் சிரித்தார்கள்.)

முதல் சில வாரங்கள் எல்லாப் படத்துக்கும் “சூப்பர்டி!” என்ற ஒரே தீர்ப்புதான். மாரியம்மன் தெப்பக்குளத்தைப் படமெடுத்த தோழி, மைய மண்டபத்தையே சாய்த்துவிட்டாள். குளத்து நீர் காமராசர் சாலையில் வழிந்துவிடுமோ என்று அஞ்சும்படி இருந்தது. அதற்கும் “சூப்பர்டி!” மறுவாரமும் அவள் சாய்த்தே எடுத்து வந்தாள். பாவம், அவளிடம் யார் சொன்னார்கள்?

பிறகு மறுகோடிக்குப் போனோம். சோழவந்தான் பக்கத்திலிருந்து வரும் ஒரு தோழி, கொடிக்காலில் தன் பாட்டி வெற்றிலை கிள்ளுவதை எடுத்து வந்தாள். முகம் ஒரே இருட்டு. “பேய் மாதிரி இருக்குடி” என்றாள் ஒருத்தி. அவள் யார் என்று இங்கே எழுத மாட்டோம். ஏனெனில் சிரித்தவர்கள் நாங்கள் எல்லோருமே. படத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டவள், அதன்பின் ஐந்து வாரம் எதுவும் கொண்டுவரவில்லை.

அந்த நாட்களில்தான் ஓவிய ஆசிரியை ஒரு பழைய படத்தின் நகலைக் காட்டினார்கள். லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858இல் மதுரையின் கோயிலையும் மகாலையும் படமெடுத்தவர். “மேகம் வரைந்தது போல் இருக்கிறது, ஊரில் ஆளே இல்லை” என்று நாங்கள் வழக்கம்போல் தொடங்கினோம். மேகம் வரைந்ததுதான் என்றார்கள் ஆசிரியை. அக்காலக் காகித நெகட்டிவில் வானத்து நீலம் மிகையாகப் பதிந்து, படத்தில் வானம் வெறும் வெள்ளையாகிவிடுமாம். அதனால் டிரைப் பல நெகட்டிவ்களில் தூரிகையால் மேகம் தீட்டினாராம். நெடுநேரம் ஒளியைப் பதியவிட வேண்டியிருந்ததால், நடமாடும் மனிதர்கள் படத்தில் நிற்பதில்லை. எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. பாட்டியின் படத்தை எங்கே நின்று, எந்த வெளிச்சத்தில் எடுத்தாய் என்று ஒருத்தியாவது கேட்டோமா?

நக்கீரரைப் பற்றியும் மறுபடி பேசினோம். அவர் பாட்டின் பொருளில்தான் குறை கண்டார். தருமியின் ஏழ்மையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தருமியோ பதில் சொல்ல முடியாமல் நின்றான். பாட்டு அவனுடையதாக இருந்தால்தானே! (அண்ணன் எடுத்த படத்தைத் தன் படம் என்று தொங்கவிடுபவர்கள் கவனிக்க.)

அன்றுமுதல் எங்கள் குழுவில் “நீ” என்று யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. படத்தில் விரல் வைத்து, இந்த இடம், இந்தக் காரணம் என்று சொல்ல வேண்டும். படம் எடுத்தவள் முழுதும் கேட்ட பிறகே வாய் திறக்கலாம். இரண்டாவதுதான் எங்களுக்குப் பெரும்பாடு!

சோழவந்தான் தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். அகத்தி நிழலுக்குள் நின்று வெளி வெளிச்சத்தைப் பார்த்து எடுத்ததால்தான் முகம் கறுத்தது, வெளிச்சம் முகத்தில் விழும் பக்கமாக நின்று எடுத்துப் பார் என்றோம். போனாள், எடுத்தாள். இம்முறை சுருக்கங்கள்கூடத் தெளிவாக இருந்தன. ஆனால் கை மட்டும் கலங்கியிருந்தது. அதையும் விரல் வைத்துச் சொன்னோம்.

கடைசிவரை கேட்டுவிட்டு, “அப்பத்தா கை நிக்கவே நிக்காது. அது அப்படியே இருக்கட்டும்” என்றாள். எங்களில் பாதிப் பேர் ஒத்துக்கொண்டோம்.