முதுகுக்கு ஒரு நாலாயிரம்!

ரூம்ல பிளாஸ்டிக் சேர்ல விடிய விடிய புராஜெக்ட் பண்ணிட்டு, காலையில இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிக்கிற ஆளா பாஸ் நீங்க? நானும் அதே கேஸ்தான். முதல் ஸ்டைபண்ட்ல அம்மாவுக்குப் புடவைனு ஒதுக்கின நாலாயிரத்தை, கடைசியில ஒரு மெஷ் சேருக்குக் கொடுத்தேன்.

இந்த வலை நாற்காலிகளைப் பிரபலமாக்கியது 1994-ல் ஹெர்மன் மில்லர் நிறுவனம் கொண்டுவந்த ஏரான். அதில் உட்காருமிடமும் வலைதான். நம்ம பட்ஜெட்டில் கிடைப்பதில் பெரும்பாலும் முதுகு மட்டும்தான் வலை, கீழே ஃபோம். வெயில்லயும் முதுகு வேர்க்கலை, அது நிஜம். ஆனா, ஆறே மாசத்துல ஃபோம் அப்பளமாகி, அடிப்பலகை குத்த ஆரம்பிச்சிடுச்சு!

அதனால, கடையில பத்து நிமிஷமாவது உட்கார்ந்து பாருங்க. கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும். கட்டை விரலால ஃபோமை அழுத்துங்க. சட்டுனு பலகை தட்டுப்பட்டா வேணாம். பாதம் முழுசா தரையில படியணும். முழங்காலின் பின்பக்கத்துக்கும் சீட் விளிம்புக்கும் நடுவே ரெண்டு மூணு விரல் இடைவெளி இருக்கணும். பளபளா குரோம் காலெல்லாம் சும்மா சீன்!

போன மாசம் ஊர்லேர்ந்து வந்த அம்மா, என் சேர்ல உட்கார்ந்து பார்த்தாங்க. எதுவும் சொல்லலை. தன்னோட பழைய காட்டன் புடவையை நாலா மடிச்சு அதுமேல போட்டுட்டுப் போயிட்டாங்க. அதுல உட்கார்ந்துதான் இதை டைப் பண்றேன்.